மலைப்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் பேடு மாற்றும் முறை

பழனியிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைப்பாதையில் உள்ள வடகவுஞ்சிப் பகுதியில் மலைவாழை, காப்பி, மிளகு ஆகியவை பயிராகின்றன. 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி வாழை இம்மலைக்கு உரியது. முன்பு குதிரைகள் சுமந்த பொதியில் ஒரு பகுதியை இன்று மோட்டார் சைக்கிள் சுமக்கிறது. எனவே அதன் பிரேக்கைப் பேணுவதும் தோட்ட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

வண்டி, ஆள், சுமை சேர்ந்து 250 கிலோ என்று கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வேகத்தை முழுவதும் பிரேக்கே தாங்கினால், சுமார் 7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் உண்டாகும். அளவு மீறிச் சூடேறிய பிரேக் பிடிக்காது. பெட்ரோல் மிச்சமாகும் என்று என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் இறங்குவது ஆபத்தானது. ஏற்றத்திற்குப் போடும் சிறிய கியரிலேயே இறக்கத்திலும் வருதல் வேண்டும்.

தேய்மானத்தை அறிதல்

பேடின் கனம் 2 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டாலோ, அதிலுள்ள அடையாளப் பள்ளம் மறைந்துவிட்டாலோ மாற்ற வேண்டும். பேடு தேயத் தேய பிரேக் ஆயில் மட்டமும் இறங்கும். ஆகவே ஆயில் குறைந்தவுடன் ஊற்றிவிடாமல், முதலில் பேடைப் பார்க்க வேண்டும். இரும்பு உரசும் சத்தம் கேட்டால் வண்டியை எடுக்கக் கூடாது.

மாற்றும் முறை

பிரேக் ஆறிய பின், சமதரையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கேலிபர் வண்டியில் இருக்கும்போதே பேடு பின்னைச் சற்றுத் தளர்த்தி, பிறகு கேலிபர் போல்ட்டுகளைக் கழற்றவும். கேலிபரை ஆயில் குழாயில் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டி வைக்கவும். பேடுகளை எடுத்த பின் பிரேக் லீவரை அழுத்தக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும். கல்நார் கலந்த பேடாக இருந்தால் அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பிஸ்டனைத் துடைத்து, பழைய பேடை வைத்து மெதுவாக உள்ளே தள்ளவும். அப்போது ஆயில் மட்டம் உயரும். வழிந்தால் பெயின்ட் கெடும். புதிய பேடுகள் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவற்றின் உரசும் பக்கத்தில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பின், கிளிப், போல்ட்டுகளைச் சரியாக முடுக்கவும்.

மறக்கக் கூடாதது

வேலை முடிந்ததும் லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்த வேண்டும். இதைச் செய்யாமல் புறப்பட்டால் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. ஆயில் மட்டத்தைப் பார்த்து, தேவையானால் மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையையே ஊற்றவும். சமதரையில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பழக்கிய பிறகே சுமை ஏற்ற வேண்டும்.

ஆயில் கசிந்தாலோ, லீவர் பஞ்சுபோல் இருந்தாலோ, டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்த அளவுக்குக் கீழே அது தேய்ந்திருந்தாலோ மெக்கானிக்கிடம் கொடுப்பதே முறை. பின்சக்கரம் டிரம் பிரேக்காக இருந்தால் ஷூவின் தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும்.

தார் வெட்டும் நாளுக்கு முதல் நாள் மாலையே பிரேக்கைப் பார்த்துவிடுதல் நலம். காலையில் சுமை ஏற்றிய பிறகு அதற்குப் பொழுது இராது.