முடிவு வராதவர்களையும் எண்ணும் கணக்கு

அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் எம்மில் அநேகமானோர் கேட்டுத் திரிந்த கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு காலம் எடுக்கும்?" பதில் சொன்னவர்கள் எல்லோரும் முடிவு கிடைத்தவர்கள். ஒருவருக்கு ஆறு மாதம், இன்னொருவருக்கு ஒரு வருடம். அதைக் கேட்டு ஊரிலிருந்த அம்மாவுக்கும் மனைவிக்கும் நாள் சொன்னோம். அந்த நாள் போன பின்பும் கடிதம் வரவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கில்தான் பிழை. முடிவு வந்தவர்களின் காலத்தை மட்டும் கூட்டிப் பிரித்தால், இன்னமும் காத்திருப்பவர்கள் அதற்குள் வரவே மாட்டார்கள். இழுபடும் வழக்குகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

திருமணம், முதற்பிள்ளை, வேலை, மரணம் என வாழ்வில் ஒன்று எப்போது நடக்கும் என்று ஆராயும் புள்ளிவிபரவியல் முறைகள் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. மரணக் கணக்கில் தொடங்கியதால் இத்துறைக்கு உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு என்று பெயர். 1662 இல் ஜோன் கிரான்ட் என்ற இலண்டன் வியாபாரி நகரின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். 1693 இல், வால்வெள்ளியால் நாம் அறிந்த எட்மண்ட் ஹலி, பிரெஸ்லாவ் நகரின் பதிவுகளிலிருந்து ஆயுள் அட்டவணை அமைத்தார்.

ஆனால் எமது கேள்விக்குப் பொருத்தமான முறை 1958 இல்தான் வெளிவந்தது. எட்வர்ட் கப்லான் கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்தும் வெற்றிடக் குழாய்களின் ஆயுளை ஆராய்ந்தவர். போல் மையர் புற்றுநோயாளரின் தரவுகளோடு வேலை செய்தவர். ஆய்வு முடியும் நாளிலும் சில குழாய்கள் எரிந்துகொண்டிருந்தன, சில நோயாளர் உயிரோடிருந்தனர். இருவரும் தனித்தனியே ஒரே சஞ்சிகைக்கு எழுதி, பின் சேர்ந்து ஒரே கட்டுரையாக்கினார்கள்.

அம்முறையை எமது கதையில் வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குப் பத்துப் பேர். ஆறாம் மாதத்தில் இருவருக்கு முடிவு வருகிறது. காத்திருப்போர் பத்தில் எட்டு. இன்னும் இருவர் விண்ணப்பித்தே எட்டு மாதம்தான் ஆகிறது. அவர்களை எட்டாம் மாதம் வரை எண்ணி, பிறகு விட்டுவிடுகிறோம். மீதி ஆறு பேரில் ஒருவருக்குப் பன்னிரண்டாம் மாதம், ஐந்து பேரில் ஒருவருக்குப் பதினெட்டாம் மாதம், நான்கு பேரில் ஒருவருக்கு இருபத்துநான்காம் மாதம் முடிவு. மூவர் அதற்குப் பிறகும் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மிஞ்சியோரின் பங்கைப் பெருக்குங்கள்: 8/10 × 5/6 × 4/5 × 3/4. விடை 0.4. பதினெட்டாம் மாதத்திலும் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 53 வீதத்தினர், காத்திருக்கிறார்கள். பாதிக்குக் கீழே இறங்குவது இருபத்துநான்காம் மாதத்தில்தான். முடிவு வந்த ஐவரை மட்டும் கூட்டிப் பிரித்தாலோ 13.2 மாதம்!

இப்படிப் பாதியில் நிற்கும் தரவுக்கு 'சென்சர்' செய்யப்பட்டது என்று பெயர். பத்திரிகைத் தணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வைத்தியசாலைக்கு வராமல் நின்றுவிட்ட நோயாளியை இறந்தவர் என்று எழுதுவதில்லை. கடைசியாக உயிருடன் அறியப்பட்ட நாள் வரை மட்டும் எண்ணுவார்கள். பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் வாங்க மறுத்த தாய்மாரை அறிந்த எமக்கு இந்த விதி புதிதல்ல.

1972 இல் பிரித்தானியரான டேவிட் கோக்ஸ் அடுத்த படியை எடுத்தார். இன்றுவரை நடக்காத ஒருவருக்கு இனி வரும் சிறு காலத்துக்குள் அது நடக்கும் வேகம் என்ன, வயதோ கல்வியோ அதைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று ஒப்பிட அவரது முறை உதவுகிறது. முப்பத்தைந்து வயதுவரை மணம் முடிக்காத மகளை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரும் அவளை ஒப்பிடவேண்டியது அதே வயதுவரை முடிக்காதவர்களோடுதான்.

ஒரு நிபந்தனை உண்டு. இடையில் கணக்கிலிருந்து விலகியவர் மற்றவர்களைப் போன்றவராக இருக்கவேண்டும். நிராகரிப்பார்கள் என்று பயந்து வேறு நாட்டுக்குப் போனவரை, நேற்று விண்ணப்பித்தவரைப்போல் எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

மேலே நாம் 'முடிவு' என்றதில் ஏற்பும் நிராகரிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஏற்பை மட்டும் அறியவேண்டுமானால் இரண்டையும் பிரித்து, ஆனால் ஒரே கணக்குக்குள் வைத்துப் பார்க்கும் முறை தேவை. நிராகரிக்கப்பட்டவரை வெறுமனே இடையில் விலகியவராக எண்ணினால், ஏற்புக்கான வாய்ப்பு உண்மையிலும் கூடுதலாகத் தெரியும்.