அசோகா சாலை: படத்திலும் நேரிலும்

மைசூரு அசோகா சாலையைத் தீட்ட உட்காரும் ஓவியருக்குப் பாதி வேலை மிச்சம். இருபுறமும் கடைகள், நடுவே வடக்கு நோக்கிப் போகும் சாலை, அதற்கப்பால் புனித பிலோமினாள் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். 'பழைய நகரத் தெரு' என்று பெயர் வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் படத்தில் ஆகப் பழையதாகத் தெரியும் அந்தக் கோபுரங்களுக்கு இன்னும் நூறு வயது நிரம்பவில்லை.

அன்று

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூருக்கு வந்தது. இச்சாலையை ஒட்டிப் பட்டாளத்தார் குடியேறிய பகுதிக்கு லஷ்கர் மொஹல்லா என்ற பெயர் நிலைத்தது. 1843-இல் அங்கு எழுந்தது, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் ஐரோப்பியர்களுக்காகக் கட்டிக்கொடுத்த ஆலயம். அந்நாளில் ஒருவர் இத்தெருவை வரைந்திருந்தால், வானத்தைத் தொடும் கோபுரம் எதுவும் படத்தில் இருந்திருக்காது.

1926-இல் மகாராஜாவின் செயலாளர் தம்பு செட்டியார், வாடிகன் தூதர் பீட்டர் பிசானியிடமிருந்து பிலோமினாளின் திருப்பண்டத்தைப் பெற்று அருட்தந்தை கோஷேயிடம் ஒப்படைத்தார். அதை வைக்கப் பெரிய ஆலயம் வேண்டும் என்று கோஷே அரண்மனைக் கதவைத் தட்டினார். 1933 அக்டோபர் 28-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்து டேலி என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தார். கோபுரங்கள் 175 அடி. தெற்கே டவுன் ஹால் எதிரில் நிற்கும் பெரிய மணிக்கூண்டு 1927-இல் வந்தது. கோபுரங்களுக்கு அதுவே அண்ணன்!

இன்று

இப்போது சாலையில் நின்று பார்த்தால், கோபுரத்துக்கு முன்னால் கேபிள் கம்பிகள். அதற்குக் கீழே கடைப் பலகைகள். அதற்கும் கீழே ஹாரன் அடித்தபடி ஆட்டோக்கள். உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடும். பீடத்துக்குக் கீழே நிலவறையில் புனிதையின் சுரூபம். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. ஜெபிக்க வந்தவர்களுக்குப் பக்கத்திலேயே செல்ஃபி எடுக்க வந்தவர்களும் நிற்கிறார்கள்.

1940-இல் பெங்களூரு தனி மறைமாவட்டமானபோது ஆயரின் இருக்கை மைசூருக்கு வந்தது. மலைப்பக்கத்து மார்டள்ளியில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கும் இதுதான் பேராலயம். 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்ததும் மார்டள்ளியின் மாவட்ட வேலைகள் அந்தப் பக்கம் போயின. மறைமாவட்டம் மட்டும் மாறவில்லை.

ஓவியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கம்பிகளையும் ஆட்டோக்களையும் அழித்துவிட்டுத் தெருவுக்குப் பழமை பூசாதீர்கள். எழுந்த நாளில் கோபுரமும் இத்தெருவுக்குப் புதிய வரவுதான். கண்ணில் படுவதையெல்லாம் வரையுங்கள். நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவர்களுக்கு அதுவே 'அன்று'.