பார்த்ததையெல்லாம் சேமிக்கும் கம்ப்யூட்டர்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் பலர் கிராப் தாளை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து வெகுநாளாகிறது. திரையில் ஒரு கட்டம் என்பது தறியில் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். கட்டம் கட்டமாக வரைந்த அன்னமும் யாளியும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டைகளாக மாறும். மின்னணு ஜக்கார்டு என்றால் பென் டிரைவில் ஏறித் தறிக்குப் போகும். சேலை கடைக்கு வருமுன்பே டிசைன் வெளியே போய்விட்டால், அதே பார்டர் விசைத்தறியில் மலிவாக இறங்கிவிடும். இந்தப் பயம் தொழிலில் பழையது. புதிது என்னவென்றால், இப்போது கம்ப்யூட்டரே தன் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த இந்த வசதிக்கு ரீகால் என்று பெயர். எல்லாக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. கோபைலட் பிளஸ் என்ற வகையில் மட்டும்தான். அதற்கு 16 ஜிபி நினைவகமும், விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைப் போடும் தனி சிப்பும் வேண்டும். திரையில் காட்சி மாறும்போது சில விநாடிக்கு ஒரு படம் எடுக்கிறது. படத்திலுள்ள எழுத்தைப் படித்து, உருவங்களை அடையாளம் கண்டு, அட்டவணை போட்டு வைக்கிறது. ‘போன வாரம் பார்த்த பச்சைப் பார்டர்’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் அந்தத் திரையைத் தேடி எடுத்துக் கொடுக்கும். தமிழ் அது தேர்ந்த மொழிகளின் பட்டியலில் இல்லை. அதனால் நிம்மதி அடைய வேண்டாம். எழுத்தைச் சரியாகப் படிக்காவிட்டாலும் படம் இருக்கும்.

அறிவித்த சில நாளிலேயே சிக்கல் வெடித்தது. எடுத்த விவரமெல்லாம் பூட்டில்லாத சாதாரணத் தரவுத்தளக் கோப்பில் கிடப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் பியூமாண்ட் எடுத்துக்காட்டினார். அலெக்சாண்டர் ஹாகெனா என்பவர் அதை அள்ளியெடுக்கும் ஒரு சிறு நிரலையே எழுதி வெளியிட்டார். மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. 2025 ஏப்ரலில் திரும்பி வந்த ரீகாலில் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. நாமே இயக்கினால்தான் ஓடும். திறக்க முகமோ விரலோ பின் எண்ணோ வேண்டும். அடுத்த மாதமே சிக்னல் செயலி, தன் உரையாடல் திரை ரீகாலில் விழாதபடி விண்டோஸில் தடுப்புப் போட்டது. பாடலும் படமும் திருட்டுப் போகாமல் காக்க வைத்திருந்த ஏற்பாட்டைத்தான் அது அதற்குப் பயன்படுத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் வேறு வழி தரவில்லை என்பது சிக்னலின் புகார்.

‘தரவு கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது’ என்பது மைக்ரோசாஃப்ட்டின் முக்கியமான பதில். உண்மைதான். ஆனால் அது ஆளுக்கொரு கம்ப்யூட்டர் உள்ள ஊருக்கான பதில். ரீகால் படங்களைப் பயனர் கணக்கு வாரியாகப் பிரித்து வைக்கிறது. நம் கடைகளிலோ ஒரே கணக்கு, ஒரே பின் எண், நாலு பேர் கை. காலையில் டிசைன் போட்ட திரையை மாலையில் பில் போட உட்கார்பவர் தேடிப் பார்க்கலாம். இங்கே கவலை தொலைதூர சர்வரைப் பற்றியதல்ல, பக்கத்து நாற்காலியைப் பற்றியது.

சேவை மையங்களில் இன்னொருவரும் இருக்கிறார், மேசைக்கு அந்தப் பக்கம். ஆதாரையும் பாஸ்புக்கையும் நீட்டி, விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டு நிற்கிறவர். படமெடுக்க அனுமதி தருவது கம்ப்யூட்டர்காரர். படத்தில் விழுவது நிற்பவரின் விவரம். அடையாள எண், கடவுச்சொல் போன்றவற்றை விலக்கும் வடிகட்டி ரீகாலில் உண்டு. ஆனால் 2024 டிசம்பரில் அதன் முன்னோட்டப் பதிப்பை டாம்ஸ் ஹார்டுவேர் இதழ் சோதித்தபோது, கடைத் தளங்களின் பணம் கட்டும் பக்கங்களை விட்டுவிட்ட ரீகால், நோட்பேடில் அடித்த அட்டை எண்ணையும் கடன் விண்ணப்பப் படிவத்தையும் பிடித்து வைத்தது. கடன் விண்ணப்பம்! அது நம் சேவை மையங்களின் அன்றாட வேலை.

பிரௌசிங் சென்டர் காலத்திலும் பதிவு இருந்தது. 2011 விதிகளின்படி அடையாள அட்டை வாங்கி, பார்த்த தளங்களின் பட்டியலை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அது எங்கே போனோம் என்பதன் பதிவு. அங்கே என்ன படித்தோம், என்ன எழுதினோம் என்பது ரீகாலுக்குத்தான் தெரியும்.

கோபைலட் பிளஸ் வாங்கியவர்கள் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போய் ரீகால் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடினால் நிறுத்தி, பழைய படங்களை அழிக்கலாம். விண்டோஸ் வசதிகள் பட்டியலிலிருந்து அடியோடு நீக்கவும் முடியும். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் டிசைனருக்குத் தனிக் கணக்கு போட்டு, டிசைன் மென்பொருளை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது நல்லது. வாடிக்கையாளர் விண்ணப்பம் போடும் கம்ப்யூட்டரில் இதற்கு வேலையே இல்லை என்பது என் கருத்து. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு யாருடையதோ அவருடைய சம்மதத்தைத்தான் கேட்கச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம்.