லயத்துக் காம்பராவின் காற்றோட்டம்

இலங்கை மலையகத்துப் பெரகலச் சந்தியில் நின்றுகொண்டு இவ்வூரில் காற்றுக்குப் பஞ்சமுண்டா என்று வினவுவோரைப் பார்த்து, அப்புத்தளை மலையை நோக்கி ஏறும் காற்றில் குடையைப் பறிகொடுத்த எவரும் நகைக்கவே செய்வார்கள். ஆயினும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயத்தின் அறையான காம்பராவுக்குள் அக்காற்று வாசலோடு நின்றுவிடுகிறது. வெளியேறும் வழி இல்லாத இடத்துக்குள் வாயு பிரவேசிப்பதில்லை.

ஓர் அறையின் காற்று எவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் கணிக்க, மனிதர் சுவாசித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று 1858-இல் மியூனிக் நகரத்து மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் காட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அவர் விதித்த எல்லை இன்றும் வழக்கிலிருக்கிறது. இக்காலத்தில் கையடக்கமான கருவியொன்று அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அதே வாயுவை அளந்துவிடுகிறது. வெளிக்காற்றில் அது 10 லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. பலர் உறங்கிய அறையில் 1,620 என்று வைத்துக்கொள்வோம். யாவரும் வெளியேறிக் கதவைச் சாத்தியபின், மிகையான அந்த 1,200 பங்கு பாதியாகக் குறைய 42 நிமிடம் சென்றால், காற்று மணிக்கு ஒருமுறை மாறுகிறதென்பது கணக்கு. ஒருமுறை என்றதால் பழைய காற்று முழுவதும் அகன்றதாகப் பொருளில்லை. சாயத்தண்ணி நிறைந்த வாளியைப் பீலிக்குக் கீழே வைத்து ஒரு வாளித் தண்ணீர் விழவிட்டாலும் நிறம் கொஞ்சம் எஞ்சுவதைப்போல, மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலேயே மிஞ்சியிருக்கும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா எட்டடி உயரமாயின் அதன் கொள்ளளவு 27 கன மீற்றர். ஆளுக்கு விநாடிக்கு 10 லீற்றர் புதுக்காற்று வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூறியதன்படி, ஐவர் உறங்குமிடத்தில் அது மணிக்கு ஏறக்குறைய ஏழுமுறை மாறவேண்டும்!

அளப்பவர் கவனிக்கவேண்டியவை சில. அப்புத்தளை உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், உயரத்துக்கு ஏற்பத் திருத்தப்படாத கருவி ஏழிலொரு பங்களவு குறைத்துக் காட்டக்கூடும். விறகும் அதே வாயுவைத் தருவதால் அடுப்பு முற்றும் அணைந்திருக்கவேண்டும். விறகின் புகைத்துகளை இக்கருவி அளக்காது; அதற்குரிய கருவி வேறு. யாவற்றினும் முக்கியம் வேளை. நண்பகலில், கதவு திறந்த வீட்டில் எடுத்த அளவை நான் அளவாகவே மதியேன். மூடுபனி இறங்கிய இரவில், குளிருக்கஞ்சித் தகர இடுக்குகளில் சாக்கைத் திணித்துப் படுத்திருப்பார்களே, அந்நிலையில்தான் அளக்கவேண்டும். காற்று வெளியேற உயரே ஒரு திறப்போ புகைபோக்கியோ அமைத்தபின், அதேபோன்ற இரவில், அதே சாக்கு இருந்தவாறே மறுபடியும் அளந்து பார்க்கவேண்டும்.