உங்களுக்குத் தெரியுமா? ஹிரோஷிமாவின் பெயரேடுகள்

ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் குதிரைச் சேணம் போல வளைந்து நிற்கும் நினைவுச் சின்னத்தை வடிவமைத்தவர் கென்சோ டாங்கே. 1952-ல் திறந்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் வளைவுக்கு அப்பால் தெரியும் இடிந்த குவிமாடத்தைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். விஷயம் என்னவோ வளைவின் அடியிலுள்ள கல்பெட்டிக்குள் இருக்கிறது: அணுகுண்டில் இறந்தோரின் பெயரேடுகள்.

குண்டுக்குத் தப்பிப் பின்னாளில் இறந்தவர்களையும் ஆண்டுதோறும் குண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 6-க்குள் எழுதிச் சேர்ப்பதால், பட்டியல் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெயர் தெரியாதவர்களுக்கென்றே ஓர் ஏடு. அதன் பக்கங்கள் வெறுமை. ஈரம் தாக்காமலிருக்க, மே மாதம் நகராட்சி ஊழியர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுகிறார்கள். இந்த ஏடுகளில் நாட்டுக் கணக்கு கிடையாது. கொரியர்களும் அமெரிக்கப் போர்க்கைதிகளும்கூட உண்டு.