கொல்லைக்கு வேண்டிய கைக்கருவிகள்

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம்மவர் இல்லங்களில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டின் பின்புறத்தில் நான்கு முழ நிலம் கிடைத்தாலும் போதும். அங்கே ஒரு முருங்கைக் கொம்பு நடப்படும். அதன் அருகே ஒரு கறிவேப்பிலைக் கன்று தழைக்கும். சிறிது இடம் மிஞ்சுமாயின் அரைக்கீரையும் வெண்டையும் பயிராகும். இந்நாகபுரியில் நாம் வாழும் குடியிருப்புகளிலும் இக்காட்சியைக் காணலாம். அண்டை வீட்டு மராத்தியப் பெண்மணி ‘கடிபத்தா’ கேட்டு வருவதும், நம் இல்லத்தரசியார் மனமுவந்து ஒரு கொத்து ஒடித்துக் கொடுப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள்.

ஆனால் விதைக்கும் எருவுக்கும் காட்டும் அக்கறையைக் கருவிக்கு நாம் காட்டுவதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை விலை பேசி வாங்கி வந்துவிடுகின்றோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் ஆடத் தெரிந்தவளும் இடறி விழ வேண்டியதுதானே? இதனை நாம் பட்டறிந்த பின்னரே உணர்ந்தோம்.

2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம். முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நகரக் கடை ஒன்றில் வாங்கிய புதிய மண்வெட்டியைக் கொண்டு பாத்தி அமைக்கத் தொடங்கினோம். பளபளப்பான நீல வண்ணம் பூசிய கருவி அது; விலையும் மலிவு. பத்து வெட்டு வெட்டியிருப்போம். ஓங்கிய கருவி சட்டென்று இலேசானது. கணை மட்டும் கையில் நின்றது. இரும்பு இலை கழன்று பின்னே பறந்து சென்று மதிலில் மோதி விழுந்தது. அம்மதிலுக்கும் நமக்கும் இடையே, வெண்டை விதைகளை உள்ளங்கையில் ஏந்தியவாறு நம் எட்டு வயதுப் பிள்ளை நின்றுகொண்டிருந்தான். இரும்பு அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சென்றது. அன்று முழுவதும் நாம் மண்வெட்டியைத் தொடவில்லை; பிள்ளையின் கையையும் விடவில்லை.

மறுநாள் இதனைப் பாதைப் பராமரிப்புப் பணியில் பல்லாண்டு உழைத்த பெரியவர் ஒருவரிடம் கூறினோம். அவரை நாங்கள் அனைவரும் ‘காகா’ என்றே அழைப்பது வழக்கம். உடைந்த கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாபுஜி, வண்ணத்தைப் பார்த்து வாங்கினீர்கள், மரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் கும்பலில் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொருவனும் தன் கருவியின் கழுத்தைத் தட்டிப் பார்ப்பான். பார்க்காதவனுக்கு அருகில் எவனும் நிற்க மாட்டான்” என்றார். அவர் கற்பித்தவற்றையும், அதன் பின்னர் நாம் ஆராய்ந்து அறிந்தவற்றையும் சங்க அன்பர்களுக்கு இங்கே தொகுத்துக் கூற விரும்புகின்றோம்.

முதலாவது கணை. கருவியில் கை படுவது மரத்தில்தான். முதலில் கெடுவதும் மரமே. மரத்தின் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரையில் நேராக ஓட வேண்டும். ரேகை நடுவழியில் குறுக்கே வெளியேறுமாயின் அவ்விடத்தில் கணை முறியும் என்பது திண்ணம். கணுவும் வெடிப்பும் கூடா. வண்ணம் பூசிய கணையை வாங்காதிருப்பதே நன்று. பூச்சு அழகுக்காக மட்டும் பூசப்படுவதன்று, கணுவையும் பிளவையும் மறைக்கவும் பூசப்படுவதுண்டு. கருவேலம் நம் நாட்டில் நெடுங்காலமாகக் கணைக்குப் பயன்பட்டு வரும் உறுதியான மரம். நன்கு உலர்ந்த மரமாக இருத்தல் வேண்டும். ஈர மரம் கோடையில் சுருங்கி இரும்பை விட்டுவிடும். நம் கையில் நிகழ்ந்தது இதுவே.

கணையின் பருமனுக்கு ஓர் எளிய அளவுண்டு. கையால் பற்றும்போது கட்டைவிரல் நுனி மற்ற விரல்களின் நுனியைத் தொட வேண்டும். தொடாவிடின் கை விரைவில் சோர்ந்துவிடும். வீட்டில் பெண்டிரும் முதியோரும் பயன்படுத்துவதாயின் அவர்களையே கடைக்கு அழைத்துச் சென்று பிடித்துப் பார்க்கச் செய்தல் நலம். கணை சற்று நீண்டிருந்தால் முதுகை அதிகம் வளைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, கணையும் இரும்பும் கூடும் குழை. குந்தாலியின் துளையைக் கவனியுங்கள். அது மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் இருக்கும். கணையின் தலையும் அதற்கேற்பப் பருத்திருக்கும். மேலிருந்து செருகப்படும் கணை வீசுந்தோறும் இறுகுமேயன்றிக் கழலாது. மலிவான மண்வெட்டிகள் சிலவற்றில் துளை நேராக இருக்கும். ஆப்பு ஒன்றையே நம்பி இலை நிற்கும். ஆப்பு தளர்ந்தால் ஆபத்துதான். மேலும், குழையும் இலையும் ஒரே இரும்பாக அடிக்கப்பட்டனவா, அல்லது இரண்டு புள்ளிகளில் பற்றவைக்கப்பட்டனவா என்று பார்த்தல் வேண்டும். பற்றவைத்த இடம் கல்லில் இரண்டு முறை மோதினால் விட்டுப்போகக் கூடும்.

மூன்றாவது இரும்பு. நெருப்பிலிட்டு அடித்து உருவாக்கிய இலை குழையின் அருகே தடித்தும் விளிம்பை நோக்கி மெலிந்தும் இருக்கும். தகட்டை வெட்டி வளைத்துச் செய்தது எங்கும் ஒரே கனமாக இருக்கும். கணையின்றி இலையைத் தொங்கவிட்டுச் சுண்டினால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். வெடிப்புள்ளது மழுங்கிய ஓசை தரும். அடுத்தது அரச் சோதனை. ஒரு சிறிய அரத்தைக் கையோடு கொண்டுசென்று, கடைக்காரரின் இசைவைப் பெற்று விளிம்பில் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். அரம் சற்றே எதிர்ப்புடன் பற்றினால் பதம் சரியாக உள்ளது. எளிதில் அள்ளிக்கொண்டு போனால் இரும்பு மென்மையானது. கல்லில் பட்டால் மடங்கும். அரம் வழுக்கினால் அளவுக்கு மீறிக் கடினமானது. விளிம்பு சில்லாகப் பெயரும்.

மண்வெட்டி, கடப்பாரை போன்றவற்றுக்கு அரசுத் தரக்குறிப்புகள் வகுக்கப்பட்டுள்ளன. 1947 இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் 1987 முதல் இந்தியத் தர அமைவனமாக இயங்கி வருகின்றது. அதன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கருவி கிடைக்குமாயின் அதனைத் தெரிந்தெடுக்கலாம். ஜாம்ஷெட்பூரின் டாடா எஃகு ஆலையாரது ‘அக்ரிகோ’ கருவிகளும் நாடெங்கும் கிடைக்கின்றன. கைப்பேசியில் படம் பார்த்து வாங்குவோர் எடையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். படத்தில் எல்லாக் கருவியும் கனமாகவே தோன்றும்.

நிற்க. எந்தக் கருவி எத்தனை வேண்டும் என்பதை மண்ணே முடிவு செய்கின்றது. விதர்ப்பத்தின் கரிசல் மண் விந்தையானது. நீரை உண்டால் பருத்து, காய்ந்தால் சுருங்கும் களிமண் அது. மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தொடும்போது கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஆடியில் அதே மண் கருவியையும் காலையும் பற்றிக்கொண்டு விடாது. ஆதலின் கோடையில் குழி தோண்டக் கடப்பாரையும் குந்தாலியும் வேண்டும். மழை விட்டுச் சில நாள் கழிந்து, பிடித்த மண் உருண்டை கையில் உதிரும் பதத்தில்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும். ஈரத்தில் வெட்டினால் மண் கட்டியாகிப் பின்னர் செங்கல்லாக இறுகும். ஒட்டும் மண்ணுக்கு அகன்ற இலையைவிட, நான்கு பற்கள் கொண்ட மண்வெட்டி உகந்தது. மண் அதில் அப்பிக்கொள்வது குறைவு.

சிறிய வீட்டுத் தோட்டத்துக்கு ஆறு கருவிகள் போதும். ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாத இலை கொண்ட மண்வெட்டி ஒன்று, கடப்பாரை ஒன்று, உட்கார்ந்து களை எடுக்கக் களைக்கொத்து ஒன்று, சருகு கூட்ட இரும்புப் பல் வாரி ஒன்று, கிளை நறுக்கக் கத்தரி ஒன்று, பூவாளி ஒன்று. கடைத்தெருவில் இவற்றின் பெயர்களை மராத்தியில் அறிந்திருத்தல் பயன் தரும். மண்வெட்டி இங்கே பாவ்டே, குந்தாலி குதள், கடப்பாரை பஹார், களைக்கொத்து குர்பே, அரிவாள் விளா, மண் சுமக்கும் இரும்புச் சட்டி கமேலே. நம் சொல் ஒன்றும் வெளியூர் சென்று பெயர் பெற்றிருக்கின்றது. மண்வெட்டி என்னும் தமிழே ஆங்கிலேயர் நாவில் ‘மமட்டி’ ஆகி, 1886 இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் இடம்பெற்றது. திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தித் திருமுற்றம் செதுக்கிய மரபில் வந்த நமக்குக் கைக்கருவி இழிவான பொருளன்று.

கத்தரியைப் பற்றித் தனியே ஒரு சொல். இதில் இரு வகை உண்டு. இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடந்து வெட்டுவது ஒரு வகை. பச்சைக் கிளைக்கு இதுவே ஏற்றது. ஒரே அலகு தட்டையான பட்டையின் மீது அமுக்கி வெட்டுவது மற்றொன்று. இது பச்சைத் தண்டை நசுக்கும், காய்ந்த குச்சிக்கே உதவும். ரோஜாவும் கறிவேப்பிலையும் வளர்ப்போர் முதல் வகையை வாங்குக. விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளையைக் கத்தரியால் நெரிக்காது, கைவாளால் அறுக்க வேண்டும்.

எங்கே வாங்குவது? இதவாரிக் கடைத்தெருவின் லோஹா ஓளியில் இரும்புக் கடைகள் பல உள்ளன. அன்றியும், சாலையோரத்தில் வண்டியும் துருத்தியுமாகத் தங்கும் காடியா லோஹார் என்னும் கொல்லர்களை மத்திய இந்திய நகரங்களில் காணலாம். 1568 இல் சித்தோர்க் கோட்டை வீழ்ந்தபோது, அது மீளும்வரை ஓரிடத்தில் குடியமர்வதில்லை என்று சூளுரைத்து வெளியேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களது மரபுக் கூற்று. 1955 இல் பிரதமர் நேரு அவர்களை மீண்டும் சித்தோருக்குள் அழைத்துச் சென்றார். ஆயினும் வண்டியிலேயே வாழ்வு நடத்துவோர் இன்றும் பலர். ஊர்விட்டு வந்தோர் வருத்தத்தை நாம் அறியோமா? அவர்களிடம் பேரம் பேசுங்கால் இதனை நினைவிற் கொள்வோம். பழைய லாரிகளின் வில்பட்டை இரும்பில் அவர்கள் அடித்துத் தரும் களைக்கொத்து நெடுநாள் உழைக்கும். மழுங்கினால் அங்கேயே தீட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. “தண்டவாள இரும்பு, தேயவே தேயாது” என்று காதோடு சொல்லி விற்போர் சிலர் வரக்கூடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத இரயில்வே இரும்பைக் கையில் வைத்திருப்பதே 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகலாம். கொல்லையில் கீரை வளர்க்கப் போய்க் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

இறுதியாகப் பேணும் முறை. வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய்க் கையால் ஒருமுறை தடவுக. கணைக்கு, இங்கே ஜவஸ் என வழங்கும் ஆளி விதை எண்ணெயை ஆண்டுக்கு இருமுறை பூசலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அவ்வெண்ணெய் உலரும்போது வெப்பம் எழுந்து துணி தானே தீப்பற்றுவதுண்டு. விரித்து வெளியில் உலர்த்திய பிறகே அகற்றுக. ஆடும் கணையை இரவெல்லாம் நீரில் ஊறவைப்போர் உளர். மரம் பருத்து அப்போதைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னிலும் தளரும். புது ஆப்பு அறைவதே வழி.

துருப்பிடித்த கருவி கீறினால்தான் இரணஜன்னி வரும் என்பர். அக்கிருமி வாழ்வது துருவில் அன்று. மண்ணிலும் சாண எருவிலுமே. ஆகவே பளபளக்கும் புதுக் கருவி காலைக் கிழித்தாலும் காயத்தைச் சோப்பு நீரில் கழுவி, மருத்துவரிடம் சென்று ஊசி வேண்டுமா என்று கேட்பது கடமை. பிள்ளைகளை வீச்சுக்கு எட்டாத தொலைவில், நம் கண்ணெதிரே நிறுத்துவது அதனினும் பெரிய கடமை.

இன்று நம் வீட்டில் கருவேலங் கணையிட்ட மண்வெட்டி ஒன்று சுவரில் தொங்குகின்றது. மலிவாக வாங்கியதைப்போல் இருமடங்கு விலை கொடுத்தோம். தோட்டத்தில் இறங்குமுன் அதன் கழுத்தைத் தட்டிப் பார்ப்பது நம் பிள்ளையின் வேலை. “சரியாக இருக்கிறது அப்பா” என்று அவன் சொன்ன பிறகே முதல் வெட்டு. மாற்றல் உத்தரவு என்றேனும் வரும். முருங்கையைப் பெயர்த்துக்கொண்டு போக இயலாது. அதன் காய் அடுத்து வருவோருக்கு உரியது. மண்வெட்டியையும் அவர்களுக்கே விட்டுச் செல்வதா, உடன் எடுத்துச் செல்வதா என்று இப்போதே வீட்டில் விவாதம் நடக்கின்றது. மரம் வைத்தவர் கருவியையும் வைத்துச் செல்லட்டும் என்பது இல்லத்தரசியாரின் கட்சி. நாமும் மெல்ல அப்பக்கமே சாய்ந்து வருகின்றோம்.