கை மலர்தலும் கவிழ்தலும்

துஆவின்போது உள்ளங்கைகளை வான்நோக்கி மலர்த்துகின்றோம். ஸஜ்தாவில் அவற்றைத் தரைமீது கவிழ்க்கின்றோம். நாள்தோறும் பன்முறை நிகழும் இவ்விரு அசைவுகளுக்கும் அடிப்படையான அமைப்பினைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆர எலும்பு. உள்ளங்கை மேல்நோக்கும்போது இவை இணையாக நிற்கும். கையைக் கவிழ்க்கும்போது அல்னா பெரிதும் நிலைத்திருக்க, ஆர எலும்பு அதன் குறுக்கே புரண்டு சாயும். முழங்கையருகே ஆர எலும்பின் வட்டத் தலை, மோதிரத்துள் விரல்போல, ஒரு நார் வளையத்துக்குள் சுழல்கிறது. இவ்வாறு கை ஏறத்தாழ அரைவட்டம் திரும்புகிறது. கையை மலர்த்துவதில் மேற்கையின் இருதலைத் தசைக்குப் பெரும் பங்குண்டு. வலக்கையால் திருகாணியை இறுக்கும்போது துணைநிற்பதும் அத்தசையே.

முழங்காலுக்குக் கீழும் இரண்டு எலும்புகள் உள்ளன. எனினும் உடலின் பாரத்தைத் தாங்கும் அவை, ஒன்றன் குறுக்கே ஒன்று புரள்வதில்லை. பாதம் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் சாய்வது, பெரும்பாலும் கணுக்கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டினால் ஆகும். மேடுபள்ளங்களில் தடுமாறாது நடக்க இச்சாய்வு உதவுகிறது. பாதம் உட்புறம் மடங்குதல் எளிது. ஆதலால் கால் பிசகும்போது கணுக்காலின் வெளிப்புறத் தசைநார்களே மிகுதியும் ஊறுபடுகின்றன.

என் உறவினராகிய பெரியவர் ஒருவர், வழுக்கி விழுந்து முன்கை எலும்பு முறியப்பெற்றார். எலும்பு கூடிற்று, கை மடங்கிற்று, நீண்டது. ஆயினும் துஆவுக்குக் கையேந்தியபோது உள்ளங்கை மலரவில்லை. “கை குணமாகிவிட்டது, ஏந்தத்தான் முடியவில்லை” என்று கலங்கினார்.

எலும்பு கோணலாகக் கூடினாலும், கை நெடுநாள் அசையாதிருந்தாலும் இத்திருப்பம் குறையக்கூடும். ஆகவே கட்டுப் பிரித்தபின், மருத்துவரின் இசைவோடு, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். முழங்கை விலகினால் தோளின் அசைவு குறையை மறைத்துவிடும். குறை தென்படின் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் கூறுக. மடங்கி நீளும் கை முழுதும் நலமுற்றது என்று எண்ணிவிடலாகாது.

கவிழ்ந்த கை ஈகின்றது. மலர்ந்த கை ஏற்கின்றது. ஈயும் கையே உயர்ந்தது என்பது நம் மார்க்கத்தின் போதனை. எனினும் படைத்தவன் திருமுன் நாம் அனைவரும் மலர்ந்த கையினரே. அந்தக் கையைப் பேணுதல் நம் கடன்.